தெரிவுக் குழுவின் பார்வைக்கு

ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது எப்படி என்பதில் மனித இனம் எட்டக்கூடிய உச்சத்தை எட்டிய குடும்பம் ஒன்று உண்டென்றால், அது எடை அளவு அலுவலகக் கண்காணிப்பாளரின் குடும்பம்தான். மற்றவர்கள் கடைக்குப் போகிறார்கள், பார்க்கிறார்கள், கண்ணுக்குப் பிடித்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட அவசரக்காரர்களால்தான் உலகம் இன்று இந்த நிலைமையில் இருக்கிறது.

கண்காணிப்பாளர் அந்த ரகம் அல்லர். ஊரிலுள்ள தராசுகளுக்கெல்லாம் முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அலுவலக வாசலில் குடை மாட்ட ஒரு கொக்கி வேண்டுமென்று கோரிக்கை வந்தபோது, ஒன்பது மாதம் ஆராய்ந்து, மூன்று மாதிரிகளை வரவழைத்து, இழுத்துப் பார்த்து, மழைக்காலம் முடிந்த மறுநாள் மிகச் சரியான கொக்கியை வாங்கிக் கொடுத்தவர். அந்தக் கொக்கி இன்றும் அசையாமல் இருக்கிறது. அதில் யாரும் குடை மாட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லிலிருந்தே எதிர்முனையில் இருப்பவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். கணவர் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவர். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம், சாயங்காலம் டென்னிஸ் பார்ப்பது. யார் அடித்தாலும் ரசிப்பார். யார் தோற்றாலும் வருத்தப்படுவார்.

ஒரு சாயங்காலம் அவர் திரையைப் பார்த்தபடியே, “தம்பி, பந்து எங்க போகுதுன்னே தெரியலடா” என்றார்.

வேறொரு தம்பியாக இருந்தால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போயிருப்பான். இவர் அப்படிச் செய்யவில்லை. அக்கா தன்னை வளர்த்தவர், இதுவரை எதுவும் கேட்டதில்லை, முதல் தடவையாக ஒரு குறை சொல்கிறார் என்று நினைத்தார். அன்றைக்கே ஒரு கோப்பு திறந்தார். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் ‘குடும்பத் தொலைக்காட்சித் தெரிவுக் குழு’ முறைப்படி அமைக்கப்பட்டது.

தலைவர் கண்காணிப்பாளர். செயலாளர் அவருடைய மனைவி. பள்ளியில் கணக்கு ஆசிரியை என்பதால் கூட்டல் கழித்தலும் அவர் பொறுப்பு. தொழில்நுட்ப ஆலோசகர், மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்குப் ‘பிக்சல்’ என்று பெயர். எந்தப் பொருளையும் வாங்காமலேயே அதைப் பற்றிய எல்லா விமர்சனங்களையும் கைபேசியில் பார்த்து முடித்திருப்பான். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு வாக்குரிமை இல்லாத ‘பார்வையாளர்’ தகுதி வழங்கப்பட்டது. அக்காவைக் குழுவில் சேர்க்கவில்லை. பயன்பெறப் போகிறவரே முடிவெடுப்பது முறையல்ல. ஆகவே அவர் ‘சாட்சி’.

முதல் கூட்டத்தில் பிக்சல் உலகில் உள்ள திரைகளை வகைப்படுத்தினான். எல்.சி.டி. என்று ஒன்று இருந்தது. தனக்கென்று ஒளி கிடையாது. முதுகுக்குப் பின்னால் விளக்கு வைத்தால்தான் முகம் தெரியும். பிறகு எல்.இ.டி. வந்தது.

“அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று செயலாளர் கேட்டார்.

“அதே ஆள்தான்க்கா. பின்னாடி இருந்த விளக்கை மாத்தினான், கூடவே பேரையும் மாத்திக்கிட்டான்.”

கண்காணிப்பாளர் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் காணவில்லை. அவருடைய அலுவலகமும் இதுவரை மூன்று தடவை பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வாசலில் குழல்விளக்கை மட்டும் மாற்றினார்கள்.

அடுத்தது கியூ.எல்.இ.டி. அந்த எல்.இ.டி.யின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத மணிகளைத் தூவிய ஒரு மெல்லிய தாளை ஒட்டினால், நிறங்கள் கொழுகொழுவென்று வந்து நிற்கும். வெளிச்சமான அறைக்கு உகந்தது. கடைசியாக ஓ.எல்.இ.டி. இதைச் சொல்லும்போது பிக்சலின் குரல் தழுதழுத்தது. இதில் பின்னால் விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அப்படியே அணைந்துவிடும். மற்றதில் கறுப்பு என்பது அடர்த்தியான சாம்பல். இதில்தான் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

“அவ்வளவு செலவழிச்சு வாங்கறது ஒண்ணும் தெரியாம இருக்கிறதுக்கா?” என்று மகள் கேட்டாள். பார்வையாளர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை என்று குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டது.

பந்து தெரியவில்லை என்ற சாட்சியத்தைப் பிக்சல் உடனே புரிந்துகொண்டான். பழைய பெட்டி நொடிக்கு அறுபது தடவைதான் படத்தைப் புதுப்பிக்கிறது. வேகமாகப் போகும் பந்து கரைந்துவிடும். நூற்றிருபது தடவை புதுப்பிக்கும் பெட்டி வேண்டும். கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டார்: ‘மூன்றாம் தேதி. வேகமாக நகரும் சிறு பொருள்கள் சாட்சிக்குத் தெரியவில்லை.’

இரண்டாம் கூட்டத்தில் அக்காவை அழைத்து, வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். அவர் தயங்கித் தயங்கி, ஆட்டம் நடக்கும் மைதானத்தில் விளக்குகளைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது என்றார். பிக்சல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

“மாமா, இதுக்குப் பேரு ப்ளூமிங். பின்னாடி இருக்கிற விளக்கோட வெளிச்சம் பக்கத்துல வழியறது. இதைக் கண்டுபிடிக்கறதுக்கு நிபுணர்களே திணறுவாங்க. உங்க அக்காவுக்கு என்ன கண்ணு பாருங்க.”

அக்கா கூச்சத்தோடு சிரித்தார். தெருவிளக்கைச் சுற்றியும் அதே வளையம் தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தார். தெருவிளக்கு நகராட்சி சம்பந்தப்பட்டது, குழுவின் வரம்புக்குள் வராது என்று தலைவர் கனிவாக எடுத்துச் சொன்னார். ‘பத்தாம் தேதி. விளக்குகளைச் சுற்றி வளையம்.’

அடுத்த வாரம், வெள்ளைச் சட்டைகளெல்லாம் பழுப்பாகத் தெரிவதாகச் சாட்சியம். திரையின் நிறவெப்பம் தவறு, வெள்ளை மஞ்சள் பக்கம் சாய்கிறது என்றான் பிக்சல். அதற்கடுத்த வாரம், பகலில் கூசுவதாகச் சாட்சியம். திரையின் கண்ணாடி பிரதிபலிக்கிறது என்றான். கண்காணிப்பாளர் ஒவ்வொன்றையும் தேதி போட்டு, அடிக்கோடிட்டு, அக்காவிடம் படித்துக் காட்டி, கீழே கையெழுத்தும் வாங்கினார். அக்கா கோட்டுக்கு ஒரு விரல் மேலே கையெழுத்துப் போட்டார். இந்த வயதிலும் கையெழுத்து எவ்வளவு பெரிது பெரிதாக இருக்கிறது என்று தம்பி பெருமைப்பட்டார்.

ஐந்தாம் கூட்டத்தில் மகள் அனுமதி கேட்காமலே பேசிவிட்டாள். “அப்பா, அத்தை டம்ளர்ல தண்ணி ஊத்தினா பாதி மேஜைலதான் போகுது.”

கண்காணிப்பாளர் கண்டிக்கவில்லை. விஷயம் உண்மைதான். மேஜை விரிப்பு அடிக்கடி நனைந்திருப்பதை அவரும் பார்த்திருந்தார். ஆனால் நிகழ்ச்சி நிரலில் டம்ளர் இல்லை. தொலைக்காட்சி முடிந்ததும் வாய் அகன்ற டம்ளர்களைப் பரிசீலிக்கத் தனிக் குழு அமைக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. மகள் எழுந்து போய்விட்டாள். ‘பார்வையாளர் வெளிநடப்பு’ என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

ஏழாவது வாரம் கள ஆய்வு. கடையின் உள்ளே ஒரு இருட்டு அறை. சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில், ஒரே சிறகை விரித்தது. விற்பனையாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, இந்தப் பக்கம் கியூ, அந்தப் பக்கம் ஓ என்று கை நீட்டினார். கண்காணிப்பாளர் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். தம் வீட்டு நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மீட்டர் எழுபது. அந்தத் தூரத்தில் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டார். பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கிறதா என்று பார்க்க, மனைவியை வலது ஓரத்திலும் பிக்சலை இடது ஓரத்திலும் நிறுத்தினார். நடுவில் அக்கா, ஒரு முக்காலியில். வேறு வாடிக்கையாளர்கள் கோட்டைத் தாண்டாமல் ஒதுங்கிப் போனார்கள்.

“எது நல்லா இருக்குக்கா?”

அக்கா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “எல்லாம் ஒண்ணாத்தான்டா தெரியுது.”

விற்பனையாளரின் முகம் செத்துப் போனது. பத்து வருட அனுபவத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. கண்காணிப்பாளருக்கோ பூரிப்பு. விளம்பரத்துக்கும் பளபளப்புக்கும் மயங்காத மனம் என்று வியந்து, ‘சாட்சி நடுநிலை வகித்தார்’ என்று எழுதினார்.

வெளியே வரும்போது அக்கா கடைவாசல் படியில் கால் தவறி விழுந்தார். முழங்கால் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. கண்காணிப்பாளர் பதறிப் போனார். அவரே தரையில் உட்கார்ந்து, கைக்குட்டையை நனைத்துக் காயத்தைத் துடைத்தார். படி இருந்ததே தெரியவில்லை என்றார் அக்கா, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. அன்று சாயங்காலமே கண்காணிப்பாளர் கடை மேலாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார்: படியின் விளிம்பில் மஞ்சள் கோடு போடாதது கடுமையான குற்றம், பார்வை உள்ளவர்களே தடுக்கி விழும் நிலை இருக்கிறது. கடை மன்னிப்புக் கேட்டு, மறுவாரமே மஞ்சள் கோடு போட்டது. இதைக் குழு தன் முதல் வெற்றியாகக் கொண்டாடியது.

அதன் பிறகு அக்கா வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். பத்திரிகை படிப்பதையும் விட்டார். கேட்டால், அதில் என்ன இருக்கிறது என்றார்.

இறுதிப் போர் கியூவுக்கும் ஓவுக்கும் நடந்தது. கூடத்தில் பெரிய ஜன்னல், வெளிச்சம் கொட்டும். ஆகவே கியூ என்றார் செயலாளர். கறுப்பை விட்டுக்கொடுக்க முடியாது என்றான் பிக்சல். ஓவில் ஒரே சின்னம் நெடுநேரம் நின்றால் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும், அக்கா எப்போதும் ஒரே அலைவரிசையைத்தான் பார்க்கிறார் என்று செயலாளர் சுட்டிக்காட்டினார். அக்காவும் பிக்சலும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. (இங்கே அக்கா என்பது செயலாளர். சாட்சியான அக்காவோடு யாருமே அதிகம் பேசிக்கொள்ளவில்லை.) பன்னிரண்டாம் கூட்டத்தில் தலைவர் ஒரு சமரசம் கண்டார். பெட்டி ஓவாகவே இருக்கட்டும், ஜன்னலை மூடிவிடலாம். தடித்த கருநீலத் திரைச்சீலை தைத்து மாட்டப்பட்டது. பட்டப்பகலில் கூடம் குகைபோல் ஆயிற்று. பிக்சல் மெய்சிலிர்த்தான். அக்கா சுவரைத் தடவித் தடவித் தம் அறைக்குப் போய்வந்தார். திரைச்சீலையின் துணி எவ்வளவு அருமை என்று தொட்டுப் பார்க்கிறார் என எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆரம்பித்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துப் பெட்டி வந்தது. அறுபத்தைந்து அங்குலம். பொருத்தித் தர வந்தவர் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். சுவரில் நான்கு துளை போட்டு, சட்டத்தை மாட்டி, பெட்டியைத் தூக்கி வைத்தார். முன்பக்கத்தை மூடியிருந்த வெள்ளை நுரைத்தாளை எடுக்காமலேயே முதலில் ஒலியைச் சரிபார்க்கத் தொடங்கினார். டென்னிஸ் வர்ணனை கணீரென்று ஒலித்தது. கூட்டம் கைதட்டியது. அக்கா நடு நாற்காலியில், கைகளை மடியில் கோத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கண்காணிப்பாளர் வழக்கம்போல் அவருடைய இடப்பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூன்று மாத உழைப்பின் பலனைக் கேட்டார். “இப்ப எப்படிக்கா இருக்கு?”

தம்பி இதற்காக எவ்வளவு பாடுபட்டான் என்பது அக்காவுக்குத் தெரியும். “ரொம்ப நல்லா இருக்குடா. பந்து பளிச்சுன்னு தெரியுது.”

கைதட்டல் நின்றது. வர்ணனையாளர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். திரைமேல் நுரைத்தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

பொருத்துபவர் ஏணியிலிருந்து இறங்கினார். ஒலியைக் குறைத்தார். அக்காவுக்கு எதிரே வந்து குந்தி உட்கார்ந்து, கையை நீட்டினார். “அம்மா, இது எத்தனை விரல்?”

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். “குரல்ல நல்ல பிள்ளைன்னு தெரியுது. விரல்தான் தெரியலப்பா.”

அவர் எழுந்து, ஜன்னல் பக்கம் போய், யாரையும் கேட்காமல் திரைச்சீலையை ஒதுக்கினார். “சார், டி.வி. நல்லாத்தான் இருக்கு. நீங்க இவங்களைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு.” பிறகு நுரைத்தாளை உரித்து எடுத்து, மடித்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் நாற்பது நிமிடம் வீட்டில் இருந்தார்.

ஒரு பொருத்துபவர் தம் வரம்பை மீறி மருத்துவக் கருத்துச் சொல்வதைக் கண்காணிப்பாளர் முதலில் ரசிக்கவில்லை. ஆனாலும் நியாயமானவர். விஷயம் முக்கியமானது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். எந்த ஆஸ்பத்திரி சிறந்தது என்று பிக்சல் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

“ஞாயித்துக்கிழமை வேண்டாம்பா” என்றாள் மகள். “வண்டி கூப்பிட்டுட்டேன். கீழ நிக்குது.” அவள் ஏற்கெனவே அத்தையின் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

குழு முழுமையாக ஆஸ்பத்திரிக்குப் போனது. கோப்பில்லாமல் கண்காணிப்பாளர் எங்கும் போவதில்லை என்பதால் கோப்பும் போனது. மருத்துவர் அக்காவை மட்டும் இருட்டறைக்குள் அழைத்துப்போய் நெடுநேரம் பரிசோதித்தார். வெளியே பெஞ்சில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். எதிரே சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக ஒளிர்ந்த பலகை ஒன்று இருந்தது. அது எல்.இ.டி.தான் என்று பிக்சல் மெல்லச் சொன்னான்.

மருத்துவர் கண்காணிப்பாளரை உள்ளே கூப்பிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பொதுவாக இந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கண்காணிப்பாளர் கோப்பைத் திறந்து நீட்டினார். மருத்துவர் படித்தார். மூன்றாம் தேதி, வேகமாக நகரும் சிறு பொருள்கள் தெரியவில்லை. பத்தாம் தேதி, விளக்குகளைச் சுற்றி வளையம். பதினேழாம் தேதி, வெள்ளை பழுப்பாகத் தெரிகிறது. இருபத்துநான்காம் தேதி, பகல் வெளிச்சத்தில் கூசுகிறது. எல்லாவற்றின் கீழும் நோயாளியின் கையெழுத்து. வாரத்துக்கு வாரம் கோட்டைவிட்டு விலகி ஏறிக்கொண்டே போகும் கையெழுத்து.

“கண்புரைக்கு இவ்வளவு சுத்தமா யாரும் குறிப்பு எழுதி நான் பாத்ததில்லை” என்றார் மருத்துவர், உண்மையான மரியாதையோடு. “எந்த டாக்டர் எழுதினது?”

கண்காணிப்பாளருக்கு அரை நொடி பெருமையாக இருந்தது. பிறகு, “டாக்டர் இல்லைங்க” என்றார். “டி.வி. வாங்கறதுக்காக நாங்க எழுதினது.”

மருத்துவர் சிரிக்கவில்லை. கோப்பை மூடித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது. ஒன்று நன்றாக முற்றிவிட்டது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்திருக்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது. முற்றினதை நாளைக் காலையே எடுத்துவிடலாம், அக்காவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன் என்றார்.

வெளியே செவிலியர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். கண்காணிப்பாளருக்கு அதைப் பார்த்ததும் மூச்சு சீரானது. படிவம் அவருக்குப் பழக்கமான இடம். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மளமளவென்று நிரப்பினார். வயது அறுபத்தாறு. உறவுமுறை தம்பி. உடன் வசிப்போர் மூன்று பேர். மாத்திரை ஒவ்வாமை இல்லை. ஆறாவது வரிசையில் கேட்டிருந்தார்கள்: ‘அறுவை செய்யப்பட வேண்டிய கண்: இடது / வலது. பொருந்தாததை அடிக்கவும்.’

பேனா நின்றது. அவருக்குக் கூடத்து நாற்காலியிலிருந்து சுவர் வரை உள்ள தூரம் தெரியும். நொடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது தெரியும். எந்தக் கோணத்தில் உட்கார்ந்தால் எந்த நிறம் எவ்வளவு வெளுக்கும் என்பது தெரியும். படிவத்தை மெல்ல மனைவி பக்கம் நகர்த்தினார். மனைவி பார்த்துவிட்டுத் தம் தம்பி பக்கம் நகர்த்தினார். பிக்சல் கைபேசியை எடுத்தான். எதைத் தேடுவது என்று தெரியாமல் மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“என்னடா, எழுதற சத்தம் நின்னுடுச்சு?” என்றார் அக்கா.

“எந்தக் கண்ணுன்னு கேட்டிருக்காங்கக்கா.”

அக்கா குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

“இடதுன்னு எழுதுடா. நீ தினமும் உக்கார்ற பக்கம்.”